கதவுத் தகரத்தில் இரண்டு தட்டு

ஏப்ரல் 3, வியாழன்

இன்று வண்டி வந்து சேர்ந்தது. நானும் செங்கோடனும் இருபத்திரண்டு வருடம் மாறி மாறி ஓட்டிய அதே லாரி. எண்பத்து நான்காம் வருட மாடல். சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் டயர் இறங்கிக் கிடந்ததைச் செங்கோடன்தான் தேடிப் பிடித்து வாங்கி, திருச்செங்கோட்டுப் பட்டறைக்கு இழுத்து வந்திருக்கிறான். வைகாசியில் அவன் மகள் தாரணிக்குக் கல்யாணம். பெண் அழைப்பன்று இந்த லாரியின் கேபினில் அவளை உட்கார வைத்து மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அப்பன் மகள் இரண்டு பேருக்கும் ஆசை.

ஓட்டப்போவது நான். அதை யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆறு வயதில், "எங் கல்யாணத்துக்கு அர்த்தநாரி மாமாதான் வண்டி ஓட்டோணும்" என்று சொன்னவள் அவள். பக்கத்தில் நின்ற செங்கோடன் தலையாட்டினான்.

வண்டி ஓட்டிய நாளில் தினமும் ட்ரிப் நோட்டு எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த மாடலில் இஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் இடது சீட்டுக்கும் நடுவில் இருக்கும். மேலே ஒரு தகர மூடி. அதைத்தான் நாங்கள் பானட் என்போம். நாக்பூர் வெயிலில் அதன்மேல் கோணிச்சாக்கை நனைத்துப் போட்டு ஓட்டியிருக்கிறோம். என் இடது முழங்காலுக்குக் கீழே தோல் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. பட்டுச்சேலை கட்டிய பெண்ணை அதன் பக்கத்தில் அப்படியே உட்கார வைக்க முடியாது. சூடும் சத்தமும் உள்ளே வராமல் எதையாவது ஒட்டியாக வேண்டும்.

என் யோசனையைச் சொன்னேன். பானட்டுக்கு அடியில் கனமான ஃபெல்ட், மேலே ரெக்சின், கூரைக்குத் தெர்மகோல், தரைக்குத் தென்னை நார் பாய். எந்தப் பட்டறையிலும் இதைத்தான் செய்வார்கள்.

"பாக்கலாம் மாப்ள" என்றான் செங்கோடன்.

அவன் 'பாக்கலாம்' என்றால் வேறு யாரையோ ஏற்கெனவே கேட்டுவிட்டான் என்று அர்த்தம்.

ஏப்ரல் 9, புதன்

நினைத்தது சரி. அந்த வேறு யாரோ இன்று காரில் வந்து இறங்கினார். பெயர் கிருபாகரன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. கோயம்புத்தூரில் சினிமாத் தியேட்டர்களுக்குச் சத்தம் வெளியே போகாமல் சுவர் ஒட்டும் தொழிலாம். இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே துண்டு துண்டாக ரப்பர், நுரை, வெள்ளித்தாள். ஜவுளிக்கடைக்காரன் புடவை விரிப்பதுபோல் எல்லாவற்றையும் பானட் மேல் விரித்துவிட்டார்.

மெக்கானிக்கை இஞ்சினைக் கிளப்பச் சொல்லி, போனை நீட்டி எதையோ அளந்தார்.

"நின்ன எடத்துலயே எம்பத்தாறு டெசிபல் காட்டுதுங்ணா. ஆக்சிலேட்டரக் குடுத்தா தொண்ணூத்தேழு. இதுல எப்படித்தான் இருவத்திரண்டு வருஷம் இருந்தீங்களோ!"

எனக்கு அப்படி ஒன்றும் சத்தமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், பழைய நாளைவிட இஞ்சின் மெத்தென்று ஓடுகிறது. அதைச் சொன்னேன். செங்கோடன் தரையைப் பார்த்தான். வந்த விருந்தாளி முன்னால் என்னை விட்டுக்கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சம்பூரணத்திடம் சொல்லலாம் என்றால் அவள் டிவியைக் குறைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இப்போது புதிதாக இந்தக் குறும்பு. நான் கூட்டுவேன், அவள் குறைப்பாள்.

ஏப்ரல் 12, சனி

கிருபாகரன் பாடம் எடுத்தார். கதவுத் தகரத்தை விரலால் சுண்டினார், அது கணீரென்றது. ஒரு பக்கம் அலுமினியத் தாள் வைத்த கறுப்பு ரப்பர் ஷீட்டில் உள்ளங்கையளவு ஒட்டிவிட்டு மறுபடி சுண்டினார். செத்த சத்தம் வந்தது.

"முழுசா ஒட்டோணும்னு இல்லீங். மூணுல ஒரு பங்கு ஒட்டுனாப் போதும், தகரம் அதிர்றது நின்னுரும். அதுக்கு மேல நுரை. தண்ணி குடிக்காத நுரையாப் பாத்துப் போடோணும், இல்லீன்னா மழை பேஞ்சா உள்ளயே தகரம் துருப்புடிச்சிரும். எல்லாத்தைக் காட்டியும் ஓட்டைய அடைக்கறதுதானுங் முக்கியம். பிரேக் பெடல் போற ஓட்டை ஒண்ணு தொறந்திருந்தாக்கூட அத்தனை செலவும் வீண்."

பானட்டுக்கு மட்டும் வேறு சரக்காம். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. சூளைக்குள் வைக்கிற பஞ்சு, நெருப்பே ஒன்றும் செய்யாது என்றார். அதை வெள்ளித்தாளில் சுற்றி, பசை போடாமல், ஸ்க்ரூவும் வாஷரும் வைத்துப் பிடிக்க வேண்டுமாம்.

"நம்ம ஃபெல்ட் என்ன கெட்டுப்போச்சு?" என்றேன்.

"ஃபெல்ட்டு டீசலைக் குடிக்குமுங்ணா. அப்பறம் அதுவே திரியாட்டம் ஆயிரும்."

செங்கோடன் சிரித்தான். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கும் இப்படி வாயைப் பிளந்துகொண்டு அவன் கேட்டதில்லை.

டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேபினுக்குள் இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உதடுதான் அசைந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும் குசுகுசு.

ஏப்ரல் 17, வியாழன்

செங்கோடன் சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போய்விட்டு வந்திருக்கிறான். கிருபாகரன் காரில். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கல்கத்தா வரைக்கும் ஒரே போர்வையில் மாறி மாறிப் படுத்துப் போனவர்கள் நாங்கள். எழுபது மைல் தள்ளி இருக்கிற கோயம்புத்தூருக்கு என்னைக் கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை.

தாரணிதான் சொன்னாள். பட்டறைக்குப் பலகாரம் கொண்டு வந்திருந்தாள். அவள் "மாமா" என்றால் இப்போது இரண்டு பேர் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த ஆள் டக்கென்று திரும்பிவிடுகிறார். நான் நிதானமானவன். அதனால் அவள் என் தோளைத் தொட்டு மறுபடி கூப்பிடுகிறாள். அந்த ஆளுக்குத் தோளைத் தொட வேண்டியதில்லை. இதையெல்லாம் நான் கவனிக்கிறேன்.

வயிறு எரிகிறது. எழுதுவதற்கு என்ன வெட்கம்?

ஏப்ரல் 22, செவ்வாய்

சண்டை. கதவுக்கு ரப்பர் ஒட்டக்கூடாது என்றேன்.

காரணத்தை இங்கே எழுதுகிறேன், பின்னால் யாரும் நான் வீம்புக்குச் சொன்னதாகச் சொல்லக்கூடாது. லாரியில் டிரைவருக்கு இடது பக்கம் கண் தெரியாது. அந்தப் பக்கம் உட்காருகிறவன்தான் கண். "வரட்டும், வரட்டும், ரைட்" என்று அவன் சொல்லச் சொல்ல இவன் திருப்புவான். நானும் செங்கோடனும் கொஞ்ச காலத்தில் வாயை விட்டுவிட்டோம். அவன் ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டு இடது கதவுத் தகரத்தைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நில். அவன் அசந்து தூங்கினாலும் கை மட்டும் கதவின்மேல் கிடக்கும். அந்தத் தட்டு காதுக்கு வராது, நேராக ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கு வரும். கடைசி ஏழெட்டு வருடம் அதில்தான் ஓட்டினோம்.

அந்தக் கதவைத்தான் ஊமையாக்கப் பார்க்கிறார் அந்த ஆள்.

செங்கோடன் என் பக்கம் நிற்பான் என்று பார்த்தேன். "தட்டறதெல்லாம் எதுக்கு மாப்ள இனி? வாயாலயே சொல்லிக்கலாம்" என்றான்.

சாயங்காலத்துக்குள் இரண்டு கதவுக்கும் ஒட்டி முடித்துவிட்டார்கள். நான் போய் இடது கதவைத் தட்டிப் பார்த்தேன். தலையணையைத் தட்டியது போலிருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கூரையும் தரையும் முடிந்தன. என்னை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, இஞ்சினைக் கிளப்பி, கிருபாகரன் இடது சீட்டில் உட்கார்ந்து என்னவோ சொன்னார். தலையாட்டினேன். மறுபடி என்னவோ சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். கீழே நின்ற செங்கோடனும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பரீட்சை வைக்கிறாரா? நான் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவன்.

மே 2, வெள்ளி

கிருபாகரனிடம் கனரக லைசென்ஸ் இருக்கிறதாம். அவர் அப்பாவின் லாரியை நான்கு வருடம் ஓட்டினாராம். இன்னும் புதுப்பித்து வைத்திருக்கிறாராம். பட்டறைக்காரர் போகிற போக்கில் சொன்னார். செங்கோடன் என்னிடம் சொல்லவில்லை. இப்போது எல்லாம் புரிகிறது. குசுகுசு எதற்கென்று, பரீட்சை எதற்கென்று. பெண் அழைப்பன்று ஸ்டீயரிங்கில் யார் உட்கார வேண்டும் என்று முடிவாகிவிட்டது.



மே 8, வியாழன்

பானட் வேலை மட்டும் பாக்கி. வெள்ளைப் பஞ்சைச் சுற்றித் தயாராகப் பெட்டியில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து மாட்டுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார் கிருபாகரன்.

மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் பானட்டைக் கழற்றி, நல்ல தடிமனான ஃபெல்ட்டை ரப்பர் பசை வைத்து அடியில் ஒட்டினேன். சுத்தமான வேலை. பெட்டியை எடுத்துப் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். பட்டறைக்காரர் வந்ததும், "பானட் முடிஞ்சுதுங்க, செங்கோடன் சொல்லித்தான் மாட்டுனேன்" என்றேன்.

ஒரு வேலையாவது நான் செய்ததாக இருக்கட்டும். அவ்வளவுதான். வேறு எண்ணம் இல்லை.

மே 11, ஞாயிறு

கிருபாகரன் வருவதற்கு முன்னால் ஒரு ஓட்டம் போய் வரலாம் என்று செங்கோடனைக் கிளப்பினேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஈரோட்டு ரோடு. நான் ஸ்டீயரிங்கில், அவன் இடது சீட்டில். பத்து வருடத்துக்குப் பிறகு. வலது ஜன்னலில் காற்று அடித்தது. கூரையில் தொங்குகிற கயிற்றை இழுத்து ஹாரன் அடித்தேன். வாய்விட்டுப் பாடினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கொஞ்சம் வாசனை வந்தது. புதுப் பசை சூடானால் வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கண்ணுக்கு முன்னால் புகை வந்தது. திரும்பிப் பார்த்தேன். செங்கோடன் குனிந்து பானட்டைத் தூக்கி, எரிகிற ஃபெல்ட்டை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது. பிரேக்கை மிதித்தேன். அவன் அதை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்தான். வலது உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

பசை இளகி ஃபெல்ட் தொங்கி, புகைபோக்கிக் குழாயில் பட்டிருக்கிறது.

"நிறுத்து நிறுத்துன்னு எத்தனை தடவைடா கத்தறது?" என்று என் முகத்துக்கு நேராக வந்து கேட்டான். "கதவை வேற ரெண்டு ரெண்டாத் தட்டறேன், நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே போற!"

அவன் கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். கத்தியிருக்க மாட்டான். கதவைத் தட்டியது என் கைக்கு வரவில்லை, அது ஒட்டினவர் குற்றம்.

மே 12, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை.

மே 14, புதன்

செங்கோடன் வீட்டில் கிருபாகரனும் இருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு செங்கோடன் உட்கார்ந்திருந்தான். ஒரு மாதமாவது கனமாக எதையும் பிடிக்கக்கூடாதாம்.

"என்ற தப்புதானுங்ணா. பக்கத்துல இருந்து நானே மாட்டியிருக்கோணும்" என்றார் கிருபாகரன் என்னைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக.

நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டேன். அந்த ஆள் கெட்ட பெயர் வாங்குவதைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தேன்! வாங்கினார். பார்த்தேன். ஒரு வாய் காப்பிகூட உள்ளே போகவில்லை எனக்கு. இதில் அவர் நல்லவராக வேறு இருக்கிறார், அது இன்னும் எரிச்சல்.

மே 18, ஞாயிறு

செங்கோடன் பட்டறைக்கு வரச் சொன்னான். அவன் மட்டும் இருந்தான். என்னைக் கேபினில் ஏற்றி, ஸ்டீயரிங்கில் உட்காரச் சொல்லி, அவன் இடது சீட்டில் உட்கார்ந்தான். இஞ்சின் ஓடவில்லை. இரண்டு கதவையும் ஜன்னலையும் மூடினான்.

"இப்பக் கேக்குதா மாப்ள?"

கேட்டது. சத்தம் போடாமல்தான் சொன்னான்.

"உனக்குக் காது போக ஆரமிச்சுப் பதினெட்டு வருஷம் ஆச்சு. வலது பக்கம் பூராவும் போச்சு. ஜன்னல் பக்கத்துக் காது, காத்தும் ஹாரனும் அதுலதான அடிக்கும். எனக்குத் தெரியும், சம்பூரணத்துக்குத் தெரியும், தாரணிக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாதாட்டம் இருக்கற. அதுக்குத்தான்டா நான் கதவைத் தட்ட ஆரமிச்சேன்."

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளைய நீதான் கூட்டிட்டுப் போகோணும். அதுல மாத்தமில்லை. ஆனா காது கேக்காத ஆளை எப்பிடி நம்பி உடுவேன்? அதான் சம்பந்தி கிட்டப் போயி நின்னேன். உள்ள இருக்கற சத்தத்தை எறக்குனா எங்க ஆளுக்கு நாங்க பேசறது கேக்குமாங்கன்னு கேட்டேன். கேக்க வெச்சரலாமுங்கன்னாரு. உன்ற முன்னால எப்பிடிப் பேசறது? நீ சண்டைக்கு வருவ. பானட்டையும் மாட்டி ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் உனக்குச் சொல்லலாம்னு இருந்தோம்."

"ஃபெல்ட்டு ஒட்டுனது நான்" என்றேன். "பெட்டி டயருக்குப் பின்னால கெடக்குது. அவரு மேல பொறாமை. உன்னைய அவரு எடுத்துக்கிட்டாருன்னு."

"தெரியும். சம்பந்தி எரிஞ்ச துண்டைப் பாத்த அன்னைக்கே சொல்லிட்டாரு. நீயே சொல்லட்டும்னு இருந்தோம்."

கட்டுப் போட்ட கையை என் தொடையில் வைத்தான். மருந்து வாசனை வந்தது. நான் அழுதேன். அழுததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், மற்றதையெல்லாம் எழுதியாகிவிட்டது, இதுவும் இருக்கட்டும்.

மே 20, செவ்வாய்

ஈரோட்டில் காது டாக்டர். வலது காது சுத்தமாக இல்லை. இடது காது பாதிக்கு மேல் இருக்கிறது. சம்பூரணம் பஸ்ஸில் வரும்போது என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து, "இப்பத் தெரியுதுங்களா, டிவிய எதுக்குக் குறைச்சேன்னு? தெருவே நம்மூட்டு சீரியலத்தான் கேக்குது" என்றாள்.

மே 23, வெள்ளி

கிருபாகரன் பானட்டைத் திரும்ப மாட்டினார். வெள்ளைப் பஞ்சு, ஸ்க்ரூ, வாஷர். வாஷர் எடுத்துக் கொடுத்தது நான்தான். முடிந்ததும் வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தேன்.

"நீங்களே ஓட்டுங்க சம்பந்தி."

"ஐயோ, ஏனுங்ணா? இப்ப நல்லாக் கேக்குமுங்களே!"

"அன்னைக்கும் கேக்குதுன்னுதான் நெனச்சேனுங்க."

செங்கோடன் ஓட்டலாம் என்றால் அவனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. அதற்கும் நானே காரணம். எந்த ஆள் கைக்குச் சாவி போகக்கூடாது என்று மூன்று வாரம் வெந்தேனோ, அந்தக் கையில் நானே கொண்டுபோய் வைக்கும்படி ஆயிற்று. சாவியை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதையும் அழகாகத்தான் செய்தார்.

மே 27, செவ்வாய்

பெண் அழைப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். ஸ்டீயரிங்கில் கிருபாகரன். பின்னால் படுக்கைப் பலகையில் செங்கோடனும் அவன் வீட்டுக்காரியும். நான் இடது ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்திருந்தேன். இடது பக்கமாவது பார்க்கலாம் என்று.

தாரணி நகையும் மாலையுமாக ஏறி வந்தவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாமா, நீங்க நடுவுல போங்க. இடது பக்கம் நான் பாக்கறேன்."

"பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு நீ பாப்பியா?"

"லாரிக்காரன் புள்ள பாக்காம யாரு பாப்பா? போங்க மாமா."

பானட் மேல் நகர்ந்து உட்கார்ந்தேன். வேட்டிக்குக் கீழே சூடே இல்லை. அவள் என் இடது பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதற்காக என்னை நகர்த்தினாள் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

மண்டபத்துத் தெரு குறுகல். அவள் மூக்குத்தி மின்ன வெளியே எட்டிப் பார்த்து, "வரட்டும் மாமா, வரட்டும்... ரைட்" என்றாள். கிருபாகரன் திருப்பினார். எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் கத்தவில்லை.

முனை வந்தது. அவள் குழந்தையாக இருந்தபோது நாங்கள் ட்ரிப் முடித்து வந்தால், அவர்கள் வீட்டுத் தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பேன். அவள் ஓடி வருவாள்.

"மாமா, ஹாரன் மட்டும் நீங்க அடிங்க" என்றாள் என் காதுக்குப் பக்கத்தில்.

கயிற்றை இழுத்தேன். இரண்டு தடவை. மண்டப வாசலில் நின்ற சம்பூரணம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உள்ளே கொஞ்சம்தான் வந்தது. அந்த ஆள் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் இடது பக்கத்தில் தாரணி மூக்கை உறிஞ்சினாள். எனக்குக் கேட்டது.